எஞ்சினுக்கு முன் கியர்பொக்ஸைத் தேடுங்கள்

கேள்வி: ஐயா, நான் திருகோணமலை உப்புவெளியில் வசிக்கிறேன். மாமா விட்டுச்சென்ற 1982ஆம் ஆண்டு டொயோட்டா கொரோலா கேஇ70 செடான் கார் என்னிடம் இருக்கிறது. சென்ற மாதம் அதன் 4கே எஞ்சின் சூடேறி நின்றுவிட்டது. கழற்றிப் பார்த்த மெக்கானிக், ஹெட் வளைந்திருப்பதுடன் பிளாக்கிலும் வெடிப்பு விழுந்திருக்கிறது என்றார். இந்தக் காரில்தான் நான் மாதத்தில் ஓரிரு தடவை, அனுமதி பெற்ற மூடிய தளத்தில், நண்பர்களோடு டிரிஃப்ட், அதாவது காரின் பின்பக்கத்தைச் சறுக்க விட்டு ஓட்டும், பயிற்சி செய்கிறேன். மற்ற நாட்களில் சீனக்குடாவுக்கு வேலைக்குப் போவதும் இதில்தான். இப்போது மூன்று எஞ்சின்கள் பேச்சில் இருக்கின்றன. கொழும்பில் பழைய உதிரிப்பாகங்கள் விற்கும் பஞ்சிகாவத்தையில் ஒரு கடையில் டொயோட்டாவின் 20 வால்வு 4ஏ-ஜிஇ, வெள்ளி நிற மூடியால் சில்வர் டொப் எனப்படுவது, இருக்கிறது. நண்பர் ஒருவர் நிசானின் எஸ்ஆர்20டிஇடி டர்போ எஞ்சின் ஒன்றை கியர்பொக்ஸோடு தருவதாகச் சொல்கிறார். அயலவர் ஒருவரின் பழைய வானிலிருந்து கழற்றிய 5கே எஞ்சின் ஒன்றும் மலிவாகக் கிடைக்கும். எஞ்சினுக்கென்று ஒரு தொகை சேர்த்து வைத்திருக்கிறேன். எதை வாங்கலாம்?

பதில்: அன்பின் தம்பி, முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன். எஸ்ஆர்20டிஇடியை இப்போதே மறந்துவிடுங்கள். சில்வர் டொப் எஞ்சினுக்கு முற்பணம் கொடுக்க அவசரப்பட வேண்டாம். நான் உங்களுக்குச் சொல்லுவது நீங்கள் எழுதாத நான்காவது ஒன்று: 16 வால்வு 4ஏ-ஜிஇ. அதையும், அதற்குப் பொருந்தும் டி50 என்ற டொயோட்டா கியர்பொக்ஸ் உங்கள் கைக்கு வந்த பிறகுதான் வாங்க வேண்டும். டி50 கிடைக்காது போனால் அயலவரின் 5கேயைத் தயங்காமல் வாங்கிப் பொருத்துங்கள்.

உங்கள் கடிதத்தில் எஞ்சினைப் பற்றி இவ்வளவு விபரம் இருந்தும், 4ஏ-ஜிஇயின் பின்னால் எந்தக் கியர்பொக்ஸ் வரப்போகிறது என்று ஒரு சொல்லும் இல்லை. சிக்கல் இருப்பதே அங்கேதான். கேஇ70இல் எஞ்சின் நீளவாக்கில் அமர்ந்து பின்சில்லுகளை இழுக்கிறது. ஆனால் 1983இல் கொரோலா செடான் முன்சில்லு இழுவைக்கு மாறிவிட்டது. அந்தத் தலைமுறையில் பின்சில்லு இழுவையோடு நின்றவை ஏஇ85, ஏஇ86 ஆகிய இரண்டு கதவு, மூன்று கதவுக் கார்கள் மட்டுமே. அதற்குப் பிறகு வந்த 4ஏ-ஜிஇ எஞ்சின்களில் பெரும்பகுதி குறுக்குவாட்டில் பொருத்தப்பட்டவை. ஆகவே ஹாஃப் கட்டாக, அதாவது வெட்டிய முன்பாதியாக, வந்து இறங்கும் கார்களில் எஞ்சினைத் தேடிக்கொள்ளலாம், ஆனால் அதை உங்கள் காரில் ஓட வைக்கும் கியர்பொக்ஸ் அந்த ஹாஃப் கட்டோடு வராது. உங்களிடமுள்ள கே வகைக் கியர்பொக்ஸின் பெல் ஹவுசிங், அதாவது எஞ்சினோடு பூட்டும் முன்கூடு, 4ஏ பிளாக்கில் உட்காராது. வேண்டியது 3ஏ அல்லது 4ஏ எஞ்சினோடு வந்த பின்சில்லு இழுவைக் கார் ஒன்றின் டி50. டி50 என்ற பெயரில் டி வகை எஞ்சின்களுக்கு வந்த கியர்பொக்ஸையும் விற்பார்கள். அதன் பெல் ஹவுசிங் வேறு என்பதால், வாங்குமுன் பெல் ஹவுசிங்கின் போல்ட் துளைகளை 4ஏ பிளாக் ஒன்றோடு வைத்துப் பார்த்தே காசு கொடுங்கள்.

"இடையில் ஒரு தட்டுக் கடைந்து போட்டால் சரிதானே" என்று உங்கள் லேத்காரர் சொல்லக்கூடும். திருகோணமலையில் மீன்பிடிப் படகுகளின் எஞ்சின் வேலை செய்து கைபழகிய நல்ல லேத்காரர்கள் இருக்கிறார்கள், அவர்களின் கைத்திறனில் எனக்கு ஐயமில்லை. ஆயினும் கிராங்க் தண்டின் மையமும் கியர்பொக்ஸின் உள்வரு தண்டின் மையமும் ஒரே கோட்டில் நிற்க வேண்டும் என்பதும், அந்தக் கோடு கண்ணுக்குத் தெரியாத அளவு விலகினாலும் பைலட் பேரிங்கும் கிளட்ச் தட்டின் பற்களும் அரைபட்டுப் போகும் என்பதும் மாறாத விடயங்கள். சாதாரண ஓட்டத்தில் அந்தக் குறை பல மாதம் மறைந்திருக்கலாம். டிரிஃப்ட் செய்பவர் கிளட்சை உதைத்து உதைத்து விடுவதால் அது விரைவிலேயே வெளியே வந்துவிடும். தட்டுக் கடைவதானால் டயல் கேஜ் வைத்து மையம் பார்க்கும் ஒருவரிடம் மட்டுமே கொடுங்கள். அதை விடவும் நல்லது, தட்டே தேவைப்படாத கியர்பொக்ஸைத் தேடுவது.

டிரிஃப்டுக்கு எஞ்சினிடம் வேண்டுவது என்ன என்பதையும் கொஞ்சம் பார்ப்போம். கார் பக்கவாட்டில் சரியும்போது பின்சில்லுகள் வீதியின் வேகத்தை விட வேகமாகச் சுழல வேண்டும், அந்தச் சுழற்சியை உங்கள் கால் நினைத்த கணத்தில் கூட்டவும் குறைக்கவும் முடிய வேண்டும். எனவே முதலில் வேண்டியது மிதித்தவுடன் பதில் சொல்லும் எஞ்சின். அடுத்தது, நடுத்தரச் சுற்றிலிருந்தே இழுக்கும் வலு. மொத்தக் குதிரைவலு மூன்றாவதுதான். ஏஇ86 காரில் 1983இல் வந்த 4ஏ-ஜிஇயின் வலு, ஜப்பானிய அளவீட்டில் 130 குதிரைவலு. டிரிஃப்ட் என்றதும் நினைவுக்கு வரும் கெய்ச்சி சுச்சியா பேர் எடுத்தது அந்தக் காரில்தான். உங்கள் கேஇ70 ஒரு தொன்னுக்கும் குறைந்த எடையுள்ள கார். 13 அங்குலச் சில்லில் ஒடுக்கமான ரயர் போட்டிருக்கும்வரை 130 குதிரைவலு அதன் பின்பக்கத்தை உடைத்து வெளியே தள்ளத் தாராளமாகப் போதும். ரயரை அகலமாக்கிவிட்டு "வலு போதவில்லை" என்று எஞ்சினைக் குறை சொல்லுகிற இளைஞர்களை நான் அடிக்கடி காண்கிறேன்.

எஸ்ஆர்20டிஇடி நல்ல எஞ்சின் இல்லை என்று நான் சொல்லவில்லை. 1998 சிசி, அலுமினியப் பிளாக், நிசான் எஸ்13 காரில் 205 குதிரைவலு, எஸ்15இல் 250 வரை போன எஞ்சின் அது. டிரிஃப்ட் உலகில் அதற்கு இருக்கும் மதிப்பு நியாயமானது. அது கியர்பொக்ஸோடு வருகிறது என்பதும் உண்மையில் பெரிய வசதிதான். ஆனால் உங்கள் காரில் அதன் டர்போ அமரும் வலப்பக்கத்தில்தான் ஸ்டியரிங் பெட்டியும் தண்டும் இறங்குகின்றன. எஸ்13இல் அதற்கென இடம் விட்டு வடிவமைத்தார்கள், கேஇ70இல் விடவில்லை. எக்ஸோஸ்ட் குழாயை வளைத்து நெளித்து அந்த இடுக்கில் கொண்டுபோய்விட்டால், ஸ்டியரிங் இணைப்பு எந்நேரமும் சூட்டில் வேகும். அதற்கு மேல் இன்டர்கூலர், பெரிய ரேடியேற்றர், புதிய புரொப்பெல்லர் தண்டு, அந்த வலுவைத் தாங்கும் பின் அச்சு, நிறுத்துவதற்கு வேறு பிரேக் என்று ஒவ்வொன்றாக வந்து சேரும். எஞ்சின் நண்பர் விலையில் கிடைத்தாலும் மற்றவை கடை விலையில்தான் கிடைக்கும். இரண்டு வருடம் பொனட் திறந்தபடி முற்றத்தில் நிற்கும் காராக அது மாறிவிடுவதற்கே வாய்ப்பு அதிகம். பழகும் கட்டத்தில் இருப்பவருக்கு டர்போவின் தாமதமும் நல்லதல்ல. மிதித்த சற்று நேரத்துக்குப் பிறகு திடீரென்று வரும் வலு, சரிவைக் கட்டுப்படுத்தக் கற்றுக்கொள்கிற காலை ஏமாற்றும்.

சில்வர் டொப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் உங்கள் மனம் அதில்தான் இருக்கிறது என்பது எழுத்திலேயே தெரிகிறது. 1991இல் ஏஇ101 கொரோலாவில் வந்த இந்த எஞ்சினில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித் திரொட்டில் உண்டு. கால் பட்டதும் சுற்று ஏறுகிற அழகு வேறு எந்த 1600 சிசி எஞ்சினிலும் எளிதில் கிடைக்காது. 160 குதிரைவலு என்று எழுதியிருப்பார்கள், ஆனால் அது 7400 சுற்றில். அந்த உயரத்தில் எஞ்சினை வைத்திருக்கத் தெரிந்தவருக்கே அது வரும், கீழ்ச் சுற்றில் அது 16 வால்வை விடப் பெரிதாக ஒன்றும் இழுப்பதில்லை. நீளவாக்கில் திருப்பிப் பொருத்தும்போது ஹெட்டின் பின்முனையில் நிற்கும் டிஸ்ட்ரிபியூட்டர் ஃபயர்வோலில், அதாவது எஞ்சின் அறைக்கும் காரின் உள்ளறைக்கும் இடையிலான தகட்டுச் சுவரில், முட்டும். ஒன்றில் ஃபயர்வோலை வெட்டிக் குழி அமைக்க வேண்டும், அல்லது டிஸ்ட்ரிபியூட்டரை நீக்கிக் கொயில் முறைக்கு மாற்றி, அதற்கேற்ற இசியூ என்ற எஞ்சின் கட்டுப்பாட்டுக் கணினி வாங்க வேண்டும். நாற்பது வயது கடந்த காரின் ஃபயர்வோலை வெட்டச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. காற்றளவு மானிப் பெட்டிக்கும் இடம் தேட வேண்டும்.

இவற்றையெல்லாம் சமாளித்தாலும் பெற்றோல் என்றொரு விடயம் நிற்கிறது. சில்வர் டொப்பின் அமுக்க விகிதம் 10.5, பின்னர் வந்த பிளாக் டொப்பினது 11. ஜப்பானின் உயர்ந்த ஒக்டேன் பெற்றோலை நினைத்துச் செய்த எஞ்சின்கள் இவை. நம் நாட்டில் பெரும்பாலும் கிடைப்பவை 92உம் 95உம். எல்லா நிரப்பு நிலையத்திலும் 95 இருப்பதில்லை என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. திருகோணமலையின் ஆனி, ஆடி மாத வெயிலில், கச்சான் காற்று அடிக்கிற பின்னேரத்தில், 92 ஊற்றி இந்த எஞ்சினை முழுச் சுற்றில் பிடித்தால் உள்ளே தட்டுகிற சத்தம் கேட்கும். ஹெல்மெட் போட்டு, ரயர் கத்துகிற இடத்தில் அந்தச் சத்தம் உங்களுக்குக் கேட்காமலே போகலாம், பிஸ்டன் அதைப் பதிந்துகொள்ளும்.

இனி, நான் சொல்லும் 16 வால்வு. இதில் மூன்று காலகட்டங்கள் உண்டு. ஏஇ86இல் வந்த பழையது, நீல எழுத்து மூடி, அமுக்க விகிதம் 9.4. அதற்குப் பின், 1987 அளவில், பிளாக்கையும் கிராங்க் தண்டையும் பலப்படுத்தினார்கள். இதைக் கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி இருக்கிறது. பிளாக்கின் பக்கச் சுவரில் செங்குத்தாக ஓடும் வரம்புகளை விரலால் தடவி எண்ணுங்கள். பழைய பிளாக்கில் மூன்று இருக்கும், பலப்படுத்தியதில் ஏழு. கிராங்கில் கொனெக்டிங் ரொட் பிடிக்கும் கழுத்தும் 40 மில்லிமீற்றரிலிருந்து 42க்குத் தடித்திருக்கும். உங்களுக்கு வேண்டியது இந்த ஏழு வரம்புப் பிளாக். அதிலும் 1989இல் வந்த, உட்செல் துளைகளைச் சிறிதாக்கிய சிவப்பு எழுத்து எஞ்சின், ஜப்பானிய அளவீட்டில் 140 குதிரைவலு தருவது, டிரிஃப்டுக்கு மிகவும் ஏற்றது என்பது என் கருத்து. துளை சிறிதாக இருப்பதால் காற்று வேகமாகப் போகிறது, நடுச்சுற்றில் இழுவை நன்றாக இருக்கிறது. அமுக்க விகிதம் 10.3 என்பதால் 95 ஊற்றுவதே முறை. 95 கிடைக்காத நாளில் 92 ஊற்றி வேலைக்குப் போய் வரலாம், பயிற்சித் தளத்துக்குப் போகக் கூடாது.

இன்னொரு நன்மை, ஏஇ86உம் உங்கள் கேஇ70உம் அமைப்பில் நெருங்கிய உறவினர். முன் குறுக்குச் சட்டம், எஞ்சின் மவுண்ட், ரக் ஸ்டியரிங் ஆகியவற்றை ஏஇ86இலிருந்து கேஇ70க்கு எடுத்துப் போடும் வேலை பல நாடுகளில் நீண்ட காலமாகச் செய்யப்படுவது, புதிதாகக் கண்டுபிடிக்க ஒன்றுமில்லை. முன்சில்லு இழுவைக் காரிலிருந்து வந்த எஞ்சினானால் தண்ணீர் வெளிவரும் வாய், ஹோஸ் வழிகள், மவுண்ட்கள், பறக்கும் சில்லு (ஃபிளைவீல்), எஞ்சினின் அடியில் ஒயில் தங்கும் சம்பும் அதன் உறிஞ்சும் குழாயும் ஆகிய ஒவ்வொன்றையும் நீளவாக்கு அமைப்புக்கு ஒத்துப் பார்த்து மாற்ற வேண்டும். பட்டியல் நீளமாகத் தெரிந்தாலும் இவையெல்லாம் போல்ட்டும் வெல்டிங்கும் சார்ந்த வேலைகள், உங்கள் மெக்கானிக்கின் கைக்குள் அடங்குபவை.

5கே பற்றி நான் குறைவாகச் சொல்லுவதற்குக் காரணம் அதில் சிக்கல் குறைவு என்பதுதான். 1486 சிசி, உங்கள் 4கேயின் உடன்பிறப்பு, அதே மவுண்ட், அதே கியர்பொக்ஸ், அதே காபரேற்றர் முறை. காலையில் தொடங்கினால் பொழுதுபடுமுன் ஓட்டிப் பார்க்கலாம். இங்கு ஓடிய லைட் ஏஸ் வகை வான்களில் பெரும்பாலானவை டீசல் என்பதால் நல்ல நிலையிலுள்ள 5கே நினைத்த நேரத்தில் அகப்படாது. ஆகவே அயலவரின் எஞ்சின் அமுக்கச் சோதனையில் தேறினால், 4ஏ-ஜிஇ திட்டம் இருந்தாலும்கூட அதை வாங்கி வைக்கலாம். உலர்ந்த தார்த் தளத்தில் அது திணறும் என்பது உண்மை. தண்ணீர் தெளித்த தளத்தில் சரிவைத் தொடங்கவும், பிடித்து வைக்கவும், மறுபக்கம் மாற்றவும் பழகுவதற்கு அந்த வலு போதும், ரயர்ச் செலவும் மிச்சம். கே வகையிலேயே பெரியது 1781 சிசி 7கே. அதன் பிளாக் உயரமானது என்பதால் பொனட்டின் உயரத்தையும் எக்ஸோஸ்ட் வழியையும் அளந்த பிறகே அதை நினைக்க வேண்டும்.

கடைக்குப் போகும் நாளைப் பற்றி. இங்கிருந்து ஹபரணை, குருணாகல் வழியாகப் பஞ்சிகாவத்தைக்கு 250 கிலோமீற்றருக்கு மேல் இருப்பதால், வாங்கிய பிறகு குறை தெரிந்து திருப்பிக் கொண்டுபோவது நடைமுறையில் நடக்காத காரியம். தொலைபேசியில் அனுப்பும் படத்தை நம்பி வாங்க வேண்டாம். வெள்ளி நிறம் பூசிப் பளபளக்கும் எஞ்சினைக் கண்டு மயங்கவும் வேண்டாம், பூச்சு எதை மறைக்கிறது என்று கேளுங்கள். முதலில் ஒயில் ஊற்றும் மூடியைத் திறந்து, அதன் அடிப்பகுதியை விரலால் வழித்துப் பாருங்கள். பால்கோப்பி நிறத்தில் பசை ஒட்டினால் ஒயிலோடு தண்ணீர் கலந்திருக்கிறது, அத்தோடு பேச்சை முடித்துக்கொள்ளலாம். தண்ணீர் வாயினுள் செங்கல் நிறத் துரு தடித்திருந்தால் கூலன்ட் ஊற்றாமல் ஓட்டியிருக்கிறார்கள். ஹெட் கேஸ்கெட்டின் ஓரத்தில் புதிய பசை பிதுங்கியிருந்தால், யாரோ அண்மையில் ஹெட்டைத் திறந்திருக்கிறார்கள், ஏன் என்று கேட்க வேண்டும்.

பிறகு அமுக்கச் சோதனை. எஞ்சின் தன் சொந்தக் கியர்பொக்ஸோடு இணைந்திருக்கும்போதே இதைச் செய்யச் சொல்லுங்கள், ஸ்டார்ட்டர் அதில்தான் பூட்டியிருக்கும், கழற்றிவிட்டால் சோதிக்க வழியில்லை. நான்கு பிளக்கையும் கழற்றி, திரொட்டிலை முழுவதும் திறந்து பிடித்து, நல்ல பற்றரியில் சுழற்ற வேண்டும். நல்ல 16 வால்வு எஞ்சினில் ஊசி 180 பிஎஸ்ஐ அளவுக்கு ஏற வேண்டும். நான்கு சிலிண்டர்களுக்கும் இடையிலான வேறுபாடு 14 பிஎஸ்ஐயைத் தாண்டக் கூடாது. ஒன்று மட்டும் குறைவாக இருந்தால் அந்தத் துளையில் ஒரு தேக்கரண்டி ஒயில் விட்டு மறுபடி சுழற்றுங்கள். அளவு ஏறினால் பிஸ்டன் வளையம் தேய்ந்திருக்கிறது, ஏறாவிட்டால் வால்வு அல்லது கேஸ்கெட். சோதிக்க விடமாட்டேன் என்று சொல்லும் கடைக்காரரோடு வாக்குவாதம் எதற்கு, அடுத்த கடைக்கு நடந்துவிடுங்கள்.

வயரிங்கை மறந்துவிடாதீர்கள். ஹாஃப் கட்டைக் கழற்றும் அவசரத்தில் ஃபயர்வோல் ஓரத்தில் வயர்க் கட்டைக் கத்தியால் அறுத்துவிடுவது வழக்கம். அறுபட்ட வயரோடு வரும் எஞ்சின் பாதி விலைக்குக் கிடைத்தாலும் எனக்கு வேண்டாம். இசியூவும், அதிலிருந்து எஞ்சின் வரையான முழு வயரிங்கும், எல்லா சென்சர்களும் ஒரே காரிலிருந்து வந்தவையாக இருக்க வேண்டும். 2020இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் வழி திறந்தது. இடைப்பட்ட காலத்தில் பழைய கார்களுக்கு வந்த கிராக்கியால், தனித்தனியாக வாங்கும் சின்னச் சென்சர்கூட இன்று நினைத்ததை விட அதிக விலை சொல்கிறது.

உப்புவெளியில் கடலுக்கு அருகே குடியிருப்பதால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். இணைப்புகளினுள் பச்சை படிவதை உங்கள் வீட்டு மின்சாதனங்களிலேயே பார்த்திருப்பீர்கள். எஞ்சின் பொருத்துமுன் ஒவ்வொரு வயர் இணைப்பையும் பிரித்துச் சுத்தம் செய்து, மின்இணைப்புக்கான கிரீஸ் தடவி மூடுங்கள், இசியூவைக் காரின் உள்ளே, தரைவிரிப்பிலிருந்து உயர்த்திப் பொருத்துங்கள். இந்த வில்லங்கமே வேண்டாம் என்றால் 4ஏ-ஜிஇயைக் காபரேற்றர்களில் ஓட்டும் வழியும் இருக்கிறது. அதன் பெற்றோல் செலவு கூடும், குளிர்ந்த காலையில் சற்றுச் சிணுங்கும், ஆனால் வழியில் நின்றால் ஒரு ஸ்குரூ டிரைவரோடு திருத்தலாம்.

சூட்டைப் பற்றி நீங்கள் ஏற்கெனவே விலை கொடுத்து அறிந்துகொண்டிருக்கிறீர்கள். நேரே ஓடும் காரில் முன்னாலிருந்து வரும் காற்று ரேடியேற்றரைக் குளிர்த்துகிறது. டிரிஃப்ட் செய்யும்போது எஞ்சின் முழுச் சுற்றில் இருக்க, கார் பக்கவாட்டில் மெதுவாகப் போகிறது, காற்று முகத்தில் அடிப்பதில்லை. ஆகவே பெரிய ரேடியேற்றரும், அதன் முழுப் பரப்பையும் மூடும் காற்றுக் கூடும், வலுவான விசிறியும் வேண்டும். கூடு இல்லாத விசிறி, ரேடியேற்றரின் ஒரு வட்டத்தை மட்டும் குளிர்த்திவிட்டு மிச்சத்தை அப்படியே விட்டுவிடும். உங்கள் பழைய 4கே வெடித்ததற்கும் பெரும்பாலும் இதுவே காரணமாக இருக்கும் என்று நினைக்கிறேன். அதே ரேடியேற்றரை 4ஏ-ஜிஇயின் முன்னால் வைத்தால் அதே கதைதான்.

எஞ்சினைக் கொல்லும் இன்னும் இரண்டு காரணங்கள் டிரிஃப்டில் உண்டு. நீண்ட சரிவில் சம்பிலுள்ள ஒயில் ஒரு பக்கம் ஒதுங்க, உறிஞ்சும் குழாய் காற்றை இழுக்கும், பேரிங் உலரும். சம்பினுள் தடுப்புத் தகடுகள் வெல்ட் செய்து, ஒயில் குழாயின் வாயைச் சுற்றி நிற்கும்படி செய்துகொள்ளுங்கள். அதே போலக் காபரேற்றருக்கென்று செய்த உங்கள் பெற்றோல் தாங்கியில் தடுப்புகள் போதாது. இன்ஜெக்ஷன் எஞ்சினுக்கு ஒரு கணம் பெற்றோல் தவறினாலும் கலவை மெலிந்து பிஸ்டன் உருகலாம். தாங்கியிலிருந்து குறைந்த அழுத்தப் பம்ப் ஒன்று சிறிய இடைத் தாங்கியை நிரப்பி வைத்திருக்க, அதிலிருந்து உயர் அழுத்தப் பம்ப் எஞ்சினுக்கு அனுப்பும் முறையே சரியானது, மிஞ்சுவது திரும்பிப் பெரிய தாங்கிக்குப் போக வேண்டும். இடைத் தாங்கியைக் காரின் உள்ளே வைப்பதானால், ஓட்டுநரிடமிருந்து பிரிக்கும் தகட்டுச் சுவர் இல்லாமல் வைக்கவே கூடாது.

ஆகவே சேர்த்த தொகை முழுவதையும் எஞ்சினுக்குக் கொடுத்துவிடாதீர்கள். என் கணக்கில் எஞ்சினும் கியர்பொக்ஸும் சேர்ந்து பாதியைத் தாண்டக் கூடாது. மிச்சம் குளிர்த்தலுக்கும், பெற்றோல் வழிக்கும், பிரேக்குக்கும், பின் அச்சுக்கும் வேண்டும். செடான் என்பதால் உங்கள் பின் அச்சு கொயில் ஸ்பிரிங்கில் நிற்கிறது, லீஃப் ஸ்பிரிங்கில் நிற்கும் வேகனை விட அது டிரிஃப்டுக்கு நல்ல தொடக்கம். பின்சில்லுகள் இரண்டையும் வெவ்வேறு வேகத்தில் சுழல விடும் டிஃபரன்ஷியலை வெல்ட் செய்து பூட்டிவிடச் சொல்வார்கள். தளத்துக்கு மட்டும் போகும் காரானால் நானும் அதையே சொல்லியிருப்பேன். ஆனால் நீங்கள் அதே காரில் சீனக்குடாவுக்கு மாரி மழையிலும் போய் வருகிறீர்கள், ஈர வீதியின் வளைவில் பூட்டிய அச்சு காரை நீங்கள் கேட்காத நேரத்தில் சுழற்றிவிடும். காசு சேரும்வரை இருக்கிற அச்சோடு ஓட்டி, பின்னர் வழுக்கல் கட்டுப்பாடுள்ள டிஃபரன்ஷியல் ஒன்று வாங்குங்கள்.

யாராவது டொயோட்டா அல்டெஸா காரின் 3எஸ்-ஜிஇ எஞ்சினையும் ஆறு கியர் பொக்ஸையும் ஒன்றாகத் தருவதாகச் சொன்னால் என்ன செய்வது என்று அடுத்த கடிதத்தில் கேட்பீர்கள் என்று தெரியும். அல்டெஸாவில் அது நீளவாக்கிலேயே பொருத்தி வந்த எஞ்சின், 210 குதிரைவலு, டர்போவும் இல்லை. நான் மேலே சொன்ன கியர்பொக்ஸ் கவலை அங்கே இல்லை என்பதால் எஸ்ஆர்20க்குக் கொடுக்காத மதிப்பை அதற்குக் கொடுப்பேன். ஆனால் அந்த வலுவுக்குப் பின் அச்சும் பிரேக்கும் முதலிலேயே மாற வேண்டும், உங்கள் தொகைக்குள் அது வராது.

சட்டப் பக்கத்தையும் பார்த்துவிடுவோம். உங்கள் பதிவுச் சான்றிதழில் எஞ்சின் இலக்கமும் சிசியும் எழுதப்பட்டிருக்கின்றன. மாற்றிய பிறகு மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் அதைப் பதிவில் திருத்தாமல் வீதியில் ஓட்டினால், பொலிஸ் மறிப்பது ஒரு புறம் இருக்க, விபத்தொன்று நடந்தால் காப்புறுதி நிறுவனம் கைவிரித்துவிடும். வேலையைத் தொடங்குமுன் திணைக்களத்தில் நடைமுறையைக் கேட்டறிந்து, விற்பவரிடம் எஞ்சின் இலக்கம் எழுதிய பற்றுச்சீட்டையும் இறக்குமதி ஆவணத்தின் பிரதியையும் அன்றைக்கே வாங்கிக்கொள்ளுங்கள். பிறகு தேடிப் போனால் கடை இருக்கும், கடதாசி இருக்காது. வருடாந்த வரிப்பத்திரத்துக்கான புகைப் பரிசோதனையிலும் எஞ்சின் தேற வேண்டும் என்பதால் வினையூக்கி மாற்றியை எடுத்தெறிந்துவிடாதீர்கள்.

மூடிய தளம் என்று நீங்களே எழுதியிருப்பதால் அறிவுரை சொல்லத் தேவையில்லைதான். இருந்தாலும் புதிய எஞ்சின் பொருத்திய முதல் இரவு, நிலாவெளி வீதி வெறுமையாகக் கிடக்கும்போது கை துறுதுறுக்கும். வெறுமையாகத் தெரியும் அந்த வீதியில்தான் மாடுகள் படுத்திருக்கின்றன, நகரத்துக்குள் வந்தால் கோட்டைப் பக்கத்து மான்கள் குறுக்கே வரும். பரீட்சார்த்த ஓட்டம் வேண்டுமானால் பகலில், வேக எல்லைக்குள், ஒயில் அழுத்தமும் வெப்பமும் காட்டும் தனி மானிகளைப் பார்த்தபடி ஓட்டுங்கள்.

கடைசியாக, வெடித்த 4கேயைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடாதீர்கள். பதிவுத் திருத்தம் முடியும்வரை அந்த இலக்கமுள்ள பிளாக் கையில் இருப்பது நல்லது. அதன் காபரேற்றர், டிஸ்ட்ரிபியூட்டர், மவுண்ட் ஆகியவை, டி50 கிடைக்காமல் 5கே பொருத்த நேர்ந்தால் அப்படியே பயன்படும். டி50 கிடைத்துவிட்டால் பெல் ஹவுசிங்கையும் உள்வரு தண்டையும் நேராகப் படமெடுத்து எனக்கு அனுப்பிவிட்டு முற்பணம் கொடுங்கள்.